நாலாவது கூப்பாடு

மேலக்கண்மாய்க் கோர்ட்டில் ஒரு பேரை மூணு தடவைதான் கூப்பிடுவார்கள். வாசற்படியில் நின்று தெருப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் தடவை வராண்டாவில் நிற்கிறவன் காதில் விழுகிற மாதிரி, ரெண்டாவது தடவை டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன் கிளாஸைக் கீழே வைக்கிற மாதிரி, மூணாவது தடவை பஸ் ஸ்டாண்டுக்கே போயிருந்தாலும் திரும்பி ஓடி வருகிற மாதிரி, அப்படி மூணு தடவை. அதற்கும் ஆள் வரவில்லையென்றால் டவாலி உள்ளே திரும்பி "ஆஜர் இல்லைங்க" என்பார், பெஞ்ச் கிளார்க் எழுதிக்கொள்வார், அடுத்த கேஸ் கட்டைப் பிரிப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதுதான் நடைமுறை. நாலாவது தடவை யாரும் யாரையும் கூப்பிட்டது கிடையாது, ஏன் கூப்பிடக் கூடாது என்று யாரும் கேட்டதும் கிடையாது.

அந்தக் கோர்ட்டில் இருபத்தொன்பது வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் தவசிலிங்கம். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை, அதில் எலுமிச்சம்பழத்தையும் சாம்பலையும் போட்டுத் தேய்த்த பித்தளை வில்லை. கோர்ட்டில் அவ்வளவு குரல் வைத்திருக்கிற மனுஷன் வீட்டில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். குழம்பில் உப்பு இல்லையென்றால்கூட விரலைக் காட்டித்தான் சொல்வார். "தொண்டை கவர்மெண்டு சொத்து மரகதம், உப்பு புளிக்கெல்லாம் அதை எடுக்க முடியாது" என்று கல்யாணமான புதிதில் பெண்டாட்டியிடம் சொன்னவர், அதற்குப் பிறகு அவ்வளவு நீளமாக வீட்டில் எதுவும் பேசியதாக மரகதத்துக்கு ஞாபகம் இல்லை.

சிரிக்காதீர்கள், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவருடைய அப்பா அந்த ஊர்ப் பெரிய தெருவில் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தவர், எதிரே ஆள் வந்தால் குரலை விழுங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றவர். அதே பெரிய தெருவின் பெரிய வீட்டுக்காரர் ஒரு வாய்க்கால் வழக்கில் மாட்டிக்கொண்டு வந்து நின்ற நாளில், தவசிலிங்கம் அவர் பேரை, ஐயா இல்லாமல், அவர்கள் இல்லாமல், மொட்டையாக, ஊர் கேட்க மூணு தடவை கூப்பிட்டார். பெரிய வீட்டுக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்" என்று ஓடி வந்தார். அந்தக் குரலைத் தனக்குக் கொடுத்தது அரசாங்கம், அந்தப் பட்டையைத் தன் தோளில் போட்டதும் அரசாங்கம், அதனால் அரசாங்கத்துக்குப் பிறகுதான் சாமி பூதம் எல்லாம் என்று அன்றைக்கு முடிவு பண்ணியவருக்கு, ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கும்வரை அந்த முடிவை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை வரவில்லை.

சோணைமுத்து விஷயம் வந்தது அந்த எட்டு மாசம் மிச்சமிருந்தபோதுதான். சோணைமுத்து எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். பஞ்சாயத்து போர்வெல்லில் தாமிரக் கம்பி திருடு போய்விட்டது, கம்பி என்றால் காயில் கட்டுகிறவனைத்தானே பிடிக்க வேண்டும், அவனைக் கடையிலிருந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் விசாரணையின் நடுவில் ஒதுங்க வேண்டுமென்று கேட்டான், கண்மாய்க் கரைக்கு அழைத்துச் சென்றபோது காவலரைத் தள்ளிவிட்டுத் தப்பி ஓடிவிட்டான் என்று பைல் சொன்னது. ஸ்டேஷனுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கும்போது எதற்கு ஒரு மைல் தள்ளிக் கண்மாய்க்குக் கூட்டிப் போனார்கள் என்று பைலில் இல்லை. அவன் ஓடவில்லை என்று ஊருக்கே தெரியும். ஊர் என்றால் யார், நம்மைப் போல ஆட்கள்தான், நமக்குத் தெரிந்து என்ன ஆகப் போகிறது.

முதல் வாய்தா வைகாசியில் வந்தது. தவசிலிங்கம் படியில் நின்று "சோணைமுத்து" என்று கூப்பிட்டார், ரெண்டாவது தடவை கூப்பிட்டார், மூணாவது தடவை கூப்பிடும்போது பாலமேட்டுப் பாதை மினிபஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே போனதில் பேரின் பின்பாதி காணாமல் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். தவசிலிங்கத்துக்கு மனசு ஒப்பவில்லை, அரசாங்கக் குரல் பாதியில் நின்றால் அது கூப்பிட்டதாகாது என்று நினைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு நாலாவது தடவை, முழுசாக, சுத்தமாக, கூப்பிட்டார்.

"இருக்கேங்க" என்று பதில் வந்தது.

பைக்குகள் நிறுத்துகிற புங்கமரத்தடியில் அவன் நின்றுகொண்டிருந்தான். அதே நீலக் கைலி, அதே அரைக்கைச் சட்டை, கையைக் கட்டி, கோர்ட்டுக்கு வந்தவன் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நின்றான். மூணு மாசமாக மழை இல்லை, அவன் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, காலடியில் புழுதி கறுத்துப் போயிருந்தது, கண்மாய்ச் சேற்று வாடை வாசற்படி வரைக்கும் வந்தது.

உள்ளே மாஜிஸ்ட்ரேட் அம்மா தலையைத் தூக்காமல் "ஆஜரா?" என்று கேட்டார். வயசு முப்பதுகூட இருக்காது, வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, ஒரு நாளைக்கு அறுபது கட்டுப் பார்க்கிறவர். அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் தவசிலிங்கத்தின் முதுகும் சிவப்புப் பட்டையின் முடிச்சும்தான் தெரியும், அதற்கு வெளியே இருக்கும் உலகம் அவருக்கு டவாலி சொல்வதுதான். தவசிலிங்கம் மரத்தடியைப் பார்த்தார். ஓடிப் போனவன் என்று பைல் சொல்கிறது, பைல் என்றால் அரசாங்கம், பைலும் கண்ணும் ரெண்டு விதமாகச் சொன்னால் கண்ணைத்தான் கழுவ வேண்டும் என்று நினைத்து, உள்ளே திரும்பி, "ஆஜர் இல்லைங்க" என்றார். குரல் பிசிறு தட்டவில்லை. இருபத்தொன்பது வருஷமாக உண்மை எப்படி வந்ததோ அப்படியே கணீரென்று பொய்யும் வந்தது.

ரெண்டாவது வாய்தாவுக்கு அவர் உஷாராகிவிட்டார். எல்லாம் அந்த நாலாவது கூப்பாட்டால் வந்த வினை, மூணோடு நிறுத்தினால் தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டு படிக்கு வந்தார். ரெண்டாவது கூப்பாட்டிலேயே "இருக்கேங்க" என்று பதில் வந்தது, இந்தத் தடவை மரத்தடியிலிருந்து இல்லை, வராண்டாத் தூணோரத்திலிருந்து. தவசிலிங்கம் மூணாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு, தூணைப் பார்க்காமல், "ஆஜர் இல்லைங்க" என்றார். மாஜிஸ்ட்ரேட் அம்மா அடுத்த வாய்தாவுக்கும் வரவில்லையென்றால் தலைமறைவுக் குற்றவாளி என்று அறிவித்து வீட்டை ஜப்தி செய்ய உத்தரவாகும் என்று சொல்லி, ஒரு மாசம் தள்ளிப் போட்டார். சோணைமுத்து அதைக் காது கொடுத்துக் கேட்டான், தேதியை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான், அதற்குப் பிறகு அவன் நின்ற இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. அந்த ஈரத்தில் அயிரைக் குஞ்சு ஒன்று துள்ளியது. கூட்டுகிற அன்னக்கிளி அதை முறத்தில் அள்ளிக் கோர்ட்டுக் கிணற்றில் விட்டாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஊர் எதைத்தான் எடுத்துக்கொள்ளவில்லை. அன்னக்கிளி தூணோரத்தில் ஒரு சாக்கைக் கொண்டுவந்து விரித்தாள், வழுக்கி யாராவது விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது அவள்தானே. பத்திரம் எழுதுகிறவர்கள் முத்திரைத்தாள் நமுத்துப் போகிறதென்று மேசையை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒருவன் செல்போனில் படம் எடுத்தான், படத்தில் தூணும் சாக்கும் மட்டும் இருந்தன, அதற்காக அவனைப் பார்க்காதவன் என்று யாரும் இல்லை. வக்கீல்கள் அறையில் ரெண்டு நாள் சண்டையே நடந்தது. செத்தவன் மேல் கேஸ் நிற்காது என்று ஒரு கட்சி, செத்தான் என்று சர்ட்டிபிகேட் எங்கே என்று இன்னொரு கட்சி, சர்ட்டிபிகேட் இல்லாதவரைக்கும் சட்டப்படி அவன் உயிரோடு இருக்கிறான், உயிரோடு இருக்கிறவன் வாய்தாவுக்கு வரத்தான் வேண்டும், வருகிறான், இதில் என்ன அதிசயத்தைக் கண்டீர்கள் என்று சீனியர் வக்கீல் ஒருவர் கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னதும் சண்டை ஓய்ந்தது. டீக்கடை காசிம், அவன் நின்ற சாக்கை மிதித்துவிட்டு உள்ளே போனால் ஜாமீன் நிச்சயம் என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார், அது ரெண்டு பேருக்குப் பலித்தும் விட்டது, அப்புறம் அந்தச் சாக்கை மிதிக்காமல் யாரும் படியேறவில்லை. போலீஸ்காரர்கள் மட்டும் முன்வாசலை விட்டுவிட்டு ரெக்கார்டு ரூம் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் பேசினார்கள். சாட்சி சொல்வீர்களா என்று கேட்டிருந்தால் மட்டும், "ஆஜரா இல்லையான்னு சொல்றது டவாலி வேலை, நமக்கெதுக்கு" என்றுதான் ஒவ்வொருத்தரும் சொல்லியிருப்பார்கள்.

சோணைமுத்துவின் பெண்டாட்டி பஞ்சவர்ணம் ஒரு மத்தியானம் தவசிலிங்கத்தைத் தேடிக்கொண்டு வந்தாள். அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவரு வந்தாராமே" என்றாள்.

தவசிலிங்கம் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பயப்படாதீங்கண்ணே. உசிரோட குடுங்கன்னு நான் கேக்கலை, அது முடியாதுன்னு எனக்கே தெரியும். வீட்டுக்கு ஒருநாவிட்டு ஒருநா போலீஸ் வருது. புருசனை எங்கடி ஒளிச்சு வச்சிருக்கேன்னு அடுக்குப்பானையை எல்லாம் உருட்டிப் பாக்குறாங்க. எங்க கொழுந்தனைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு நாள் வச்சிருந்து விட்டாங்க. இப்ப வீட்டையும் ஜப்தி பண்ணப் போறாங்களாம்." அவள் கழுத்துக் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினாள். "இதைப் போட்டுக்கவும் முடியலை, கழட்டவும் முடியலை. அழுதா, ஓடிப்போனவனுக்கு எதுக்குடி அழுறேன்னு கேக்குறாங்க. அஞ்சு மாசமா நான் அழுகலைண்ணே. அவரு வந்தாருன்னு ஒரு வார்த்தை உள்ள சொல்லிருங்க, போதும்."

"நான் வெறும் டவாலிம்மா" என்றார் தவசிலிங்கம்.

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவள் கோபமாகச் சொன்னாளா, நம்பிச் சொன்னாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலையிலேயே அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்கு வந்தார். மிரட்டுவார் என்று நினைத்தால், மனுஷன் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டியில் தட்டிக்கொடுத்துப் பேசினார். "அண்ணே, நீங்களும் அரசாங்கம், நாங்களும் அரசாங்கம். ஒரே வீட்டுக்குள்ள இருக்கிறவங்க. வீட்டுல ஆயிரம் இருக்கும், அதைத் தெருவுல நின்னு கத்துனா வீடு சந்தி சிரிச்சுப் போகும்ல. இன்னும் ஆறேழு மாசம்தான இருக்கு, கௌரவமா மாலை போட்டு அனுப்பி வைக்கிறோம்." எழுந்துபோகும்போது தோளில் கிடந்த சிவப்புப் பட்டையின் மடிப்பை அவரே நீவிவிட்டார். தவசிலிங்கத்துக்கு அந்தப் பேச்சில் ஒரு தப்பும் தெரியவில்லை, அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததும் அதேதான், தன் வாயால் சொன்னபோது சரியாகப் பட்டது அந்த வாயிலிருந்து வந்தபோது ஏன் குமட்டியது என்றுதான் அவர் அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் மரகதத்திடம், "எனக்குப் பென்ஷன் இல்லாமப் போனா என்ன பண்ணுவ?" என்று கேட்டார். அவர் இவ்வளவு சத்தமாகப் பேசியதில் அவள் பயந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டாள்.

மூணாவது வாய்தா ஆடி பதினொன்றாம் தேதி. கோர்ட்டில் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம், அறுபது கட்டுக்கு அறுநூறு பேர் வந்திருந்தார்கள், வந்தவர்கள் எல்லோரும் தற்செயலாக வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் வராண்டாக் கடைசியில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். உள்ளே கோர்ட்டு ஏட்டு கோபாலரத்தினம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தவசிலிங்கத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெஞ்ச் கிளார்க் கட்டைப் பிரித்துத் தலையை அசைத்தார். தவசிலிங்கம் தெருப் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறக்கவே இல்லை, "இருக்கேங்க" என்று கேட்டது. சோணைமுத்து படியில், ஒரு சாண் தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கண் இமையில் பாசி ஒட்டியிருந்தது. இடது காதுக்குக் கீழே கறுப்பாக ஒரு வீக்கம், உதடு கிழிந்திருந்தது, தண்ணீர் அதையெல்லாம் கழுவி வைத்த மாதிரி ரத்தமே இல்லாமல் சுத்தமாக இருந்தது. அவன் கோபப்பட்டிருந்தால் தவசிலிங்கம் தப்பித்திருப்பார், பேய் என்று சொல்லித் துண்ணூறு பூசிக்கொண்டு போயிருப்பார். அவன் கண்ணில் கோபம் இல்லை. கூப்பிட்டீர்கள், வந்திருக்கிறேன் என்பது மட்டும்தான் இருந்தது.

இருந்தாலும் முறை முறைதான். மூணு தடவையும் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கிழிந்த உதடு "இருக்கேங்க" என்றது. கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தவசிலிங்கத்துக்கு ஒன்று உறைத்தது. தன்னை அடித்துப் போட்ட அரசாங்கம்தான் கூப்பிடுகிறது என்று இவனுக்குத் தெரியும், தெரிந்தும் அது கூப்பிட்டதே என்று தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து, தேதி மறக்காமல், மூணு மாசமாக வந்து நிற்கிறான். இவனை விடவா நான் அரசாங்கத்துக்கு விசுவாசம்? இவனை விடவா அந்த இன்ஸ்பெக்டர்? அரசாங்கத்தை நம்பி வந்தவனை வரவில்லை என்று சொல்கிற வாய் யாருடைய வாய்? அவருக்கு அழுகை வந்தது, டவாலி அழக் கூடாது என்பதால் அடக்கிக்கொண்டார்.

"ஆஜரா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வராண்டாவில் அறுநூறு பேரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

"ஆஜருங்க" என்றார் தவசிலிங்கம்.

ஏட்டு எழுந்தேவிட்டார். மாஜிஸ்ட்ரேட் அம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனா நின்றது. "என்ன சொன்னீங்க?"

"சோணைமுத்து ஆஜருங்க அம்மா." பட்டையும் போச்சு, பென்ஷனும் போச்சு, அது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஆஜர் என்று டவாலி சொல்லிவிட்டால் அடுத்து என்ன என்பதற்குச் சட்டத்தில் ஒரே வழிதான் இருக்கிறது. "உள்ள வரச் சொல்லுங்க" என்றார் அம்மா.

தவசிலிங்கம் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். குளிர்ந்த காற்று ஒன்று அவர் மார்பை உரசிக்கொண்டு போனது, சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன, பெஞ்ச் கிளார்க் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். காலடிகள் கூண்டுக்குள் ஏறி நின்றன. மாஜிஸ்ட்ரேட் அம்மாவின் கண் அந்தக் கூண்டில் முதலில் காலைப் பார்த்து, மெல்ல மேலே ஏறி, முகம் இருக்கிற உயரத்தில் நின்றது. அவர் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்துவிட்டார்.

போலீஸ் காவலிலிருந்து வருகிற ஒவ்வொருத்தரிடமும் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தலையைத் தூக்காமல், பதிலுக்குக் காத்திருக்காமல், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிற கேள்வி. அவனை யாரும் கோர்ட்டுக்குக் கொண்டுவரவே இல்லை என்பதால் அவனிடம் மட்டும் அது கேட்கப்படவில்லை. அந்த அம்மா இப்போது தலை தூக்கிக் கேட்டார்.

"போலீஸ்ல அடிச்சாங்களா?"

கூண்டிலிருந்து தண்ணீர் சலசலப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது, வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. "சத்தமாச் சொல்லச் சொல்லுங்க" என்றார் அம்மா. குரல் எழும்பாதவர்கள் கூண்டில் நின்றால் டவாலி பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்து, அவர்கள் சொன்னதை, நான் என்றால் நான் என்றே, ஒரு எழுத்து மாற்றாமல் உரக்கச் சொல்ல வேண்டும். தவசிலிங்கம் போய்க் காதைக் கொடுத்தார். காதுக்குள் சில்லென்று தண்ணீர் இறங்கியது. அவர் நிமிர்ந்து நின்று, பஸ் ஸ்டாண்டுவரை கேட்கிற அந்தக் குரலில் சொன்னார்.

"அடிச்சாங்க."

குனிந்தார், நிமிர்ந்தார்.

"மூணு நாளும் அடிச்சாங்க. தண்ணி கேட்டேன், குடுக்கலை."

ஏட்டு கோபாலரத்தினம் பின்வாசல் வழியாக வெளியே போனார். கிளார்க் பேனாவைப் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தார். "சொல்றதை அப்படியே எழுதுங்க" என்றார் அம்மா.

"கண்மாய்க்குக் கொண்டு போறப்ப எனக்கு உசிரு இல்லை."

தவசிலிங்கம் இன்னொரு தடவை குனிந்தார். இந்தத் தடவை ரொம்ப நேரம் குனிந்திருந்தார், நிமிர்ந்தபோது அவர் சட்டைக் காலர் முழுக்க நனைந்திருந்தது.

"நான் எங்கயும் ஓடிப் போகலை" என்றார்.

வராண்டாக் கடைசியில் பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள். முதலில் ஒரு விக்கல் மாதிரிதான் வந்தது, பிறகு அவள் மாரில் அறைந்துகொண்டு, அவன் பேரைச் சொல்லி, அவன் கட்டின மோட்டார்களைச் சொல்லி, ஸ்டேஷனில் அவன் தண்ணீர் கேட்டதைச் சொல்லி, அஞ்சு மாசத்து அழுகையையும் ஓவென்று அழ ஆரம்பித்தாள். கோர்ட்டு நடக்கும்போது வராண்டாவில் சத்தம் கேட்டால் போய் அடக்க வேண்டியது டவாலிதான். பெஞ்ச் கிளார்க் பழக்கத்தில் தவசிலிங்கத்தைப் பார்த்தார். தவசிலிங்கம் கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். மாஜிஸ்ட்ரேட் அம்மா பேனாவை மூடிக் கட்டின்மேல் வைத்தார். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் கோர்ட்டு காத்திருந்தது.